பின்வாசல் இல்லாத குசினி

சோறு வடிக்கத் தெரியாதவன் குசினிக்குத் திட்டம் போடக்கூடாது என்று நாட்டில் ஒரு சட்டம் வர வேண்டும். வந்தால் அதற்கு ஆதரவாக முதலில் கை தூக்குகிறவன் நான்தான். அடுத்ததாக என் மாமி தூக்குவார். அவர் இரண்டு கையையும் தூக்குவார்.

நான் குறிஞ்சிப்பிட்டிக்கு மாப்பிள்ளையாக வந்தவன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்ததும் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவான். வந்த நாளிலிருந்து அவனுக்கு ராஜ மரியாதை. மீன் பொரித்தால் பெரிய துண்டு அவனுக்கு. ஃபேனுக்கு நேர் கீழே உள்ள கதிரை அவனுக்கு. மாமா வெயிலில் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வை துடைப்பார். நான் எழும்பி இடம் கொடுத்தால் அவருக்குத்தான் கோபம் வரும். இப்படி வளர்க்கப்படும் மனிதனுக்குத் தன் மூளையைப் பற்றி ஒரு பெரிய அபிப்பிராயம் உண்டாவது இயற்கை. எனக்கும் உண்டானது.

இந்த மரியாதையில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் ஒருவரும் மருமகனைப் பார்த்து ‘வேண்டாம்’ என்று சொல்ல மாட்டார்கள். மாமி என்னோடு நேரே கதைப்பதே இல்லை. அது கோபமல்ல, மரியாதை. எனக்குச் சொல்ல வேண்டியதை, நான் பக்கத்திலேயே நின்றாலும், என் மனைவி பர்ஹானாவிடம்தான் சொல்வார். பர்ஹானா இல்லாத நேரத்தில் பூனையிடம் சொல்வார். (“பூனே, மருமகனுக்கு டீ மேசையில இரிக்கி. ஆறப்போகுது.” நான் பூனையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குடிப்பேன்.)

அந்த வருடம் பர்ஹானாவின் தங்கை சிபானாவுக்குக் கனமூலை என்ற ஊரில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தது. பையன் கணக்கு வாத்தியார். சிபானா அவனைப் போட்டோவில் பார்த்துப் பிடித்துப்போய், பிறகு பெரியவர்களுக்குத் தெரியாமல் வாட்ஸ்அப்பிலும் கொஞ்சம் பிடித்துப்போயிருந்தாள். இதற்கு முன்பு அவளுக்கு வந்த சம்பந்தங்கள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து கலைந்து போனதால், இந்த முறை அவள் தினமும் தொழுது துஆக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய பயமெல்லாம் பையனுடைய வாப்பாவைப் பற்றித்தான். அவர் தேங்காய் வியாபாரி. ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். ஆயிரம் தேங்காய்க்குள் அழுகல் ஒன்றைத் தட்டிப் பார்த்தே பிடித்துவிடுகிறவர். பெண் பார்க்கப் போன ஒரு வீட்டில் கேட் கிறீச்சிட்டது என்பதற்காக உள்ளேயே போகாமல் திரும்பி வந்தவர் என்றும் ஒரு கதை இருந்தது.

ஹாஜியார் வருவதற்குள் வீட்டைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்த மாமா நினைத்தார். மாமி கேட்டது சின்ன விஷயம். குசினிக் கூரையில் ஒழுகும் தகரத்தை மாற்ற வேண்டும். கிணற்றடிக்கு நடக்காமல் இருக்க உள்ளே ஒரு பைப் வேண்டும். இரண்டுதான். அதையும் பர்ஹானாவிடம்தான் சொன்னார். ஃபேனுக்குக் கீழே இருந்த நான் எழும்பி, “குசினியை என்னிடம் விடுங்கள்” என்றேன்.

அப்போது நான் ஆலங்குடாவில் ஒரு சின்ன ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை செய்தேன். காற்றுப் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கான ஹோட்டல் அது. அங்கே குசினிக்கும் சாப்பிடும் இடத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்மேசை மட்டும்தான். அதற்குப் பின்னால் சமையல்காரர் தனியே நிற்பார். இடப்பக்கம் திரும்பினால் தண்ணீர், வலப்பக்கம் திரும்பினால் பிரிட்ஜ், நேரே அடுப்பு. ஒரு விருந்தாளி எனக்கு அதை விளக்கினார். அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, பிரிட்ஜ் மூன்றும் ஒரு முக்கோணமாக அமைய வேண்டுமாம். அப்போது சமைக்கிறவருக்குக் கால் வலிக்காதாம். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. அன்று இரவே யூடியூபில் முக்கோணம் முக்கோணமாகப் பார்த்தேன். விடியும்போது நான் ஒரு குசினி நிபுணன்.

எங்கள் பழைய குசினியை அந்தக் கண்ணோடு பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. நிலத்தோடு விறகடுப்பு, ஒரு மூலையில் கேஸ் குக்கர், நடுவில் வெறும் தரை. அந்தத் தரையில் பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்து வெங்காயம் உரிப்பார்கள், தேங்காய் துருவுவார்கள், மீன் வெட்டுவார்கள். பின்வாசல் எப்போதும் திறந்தே கிடக்கும். அடுத்த வீட்டு ராஹிலா ராத்தா முதல் அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அதன் வழியாகத்தான் வருவார்கள், போவார்கள். அந்தத் தரை வீண், அந்த வாசல் அதைவிட வீண் என்று நான் தீர்மானித்தேன்.

சோக்கட்டியால் தரையில் கோடு போட்டு வீட்டாருக்கு விளக்கினேன். ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் இருக்கும் சுவர் போகிறது. அந்த இடத்தில் கிரனைட் மேசை வருகிறது. பின்வாசலை அடைத்தால் அந்தச் சுவர் முழுக்கப் பென்ட்ரி அலுமாரி வைக்கலாம். மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். (அதிலிருந்து கடல் தெரியாது, அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தாங்கிதான் தெரியும். ஆனாலும் கடற்காற்று வரும் என்றேன். அது மட்டும் உண்மையாக நடந்தது.) அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அடுப்பு.

மாமி கோடுகளைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“பர்ஹானா, பின்வாசல் எங்கண்டு கேளு.”

“பின்வாசல் இருந்தா முக்கோணம் உடைஞ்சிடும் மாமி” என்றேன்.

“ராஹிலா ராத்தா ஆக்கள் எதால வாறண்டு கேளு.”

“முன்வாசலால வரட்டுமே. அவங்களும் மனுசர்தானே.”

மாமி மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். பர்ஹானா என் காலை மிதித்தாள். மூன்றையும் நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

சிலாபம் பக்கமிருந்து வந்த மேசன் பாஸும் எனக்கு ஏற்ற ஆளாக வாய்த்தார். எதைக் கேட்டாலும் அவரிடம் சிங்களத்தில் ஒரே பதில்தான். “பிரஸ்னயக் நே, மாத்தயா.” சுவரை உடைக்கலாமா? ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. வாசலை அடைக்கலாமா? ஒரு பிரச்சினையும் இல்லை ஐயா. அவருக்கு உண்மையிலேயே ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. சமைக்கப் போவது அவரல்லவே.

வேலை இழுத்துக்கொண்டு போய், பெயின்ட் காயும் நேரத்தில் ஹாஜியார் வரும் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. ஜும்ஆவுக்குப் பிறகு பகல் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். குசினி பளபளவென்று மின்னியது. அதில் அதுவரை ஒரு முட்டைகூட அவித்துப் பார்க்கவில்லை.

காலையில் முதலில் வந்தவர் அடுத்த வீட்டு ராஹிலா ராத்தா. தலையில் ஒரு பெரிய சட்டியோடு, வழக்கம்போல வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போயிருக்கிறார். வாசல் இருந்த இடத்தில் சுவர்.

“அல்லாஹ்வே! வாசல எங்க கொண்டு போய் வெச்சீங்க?” என்று அவர் போட்ட சத்தம் பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும். கடைசியில் சட்டி என்னுடைய மேற்கு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ராத்தா ஹோல் வழியாக வந்தார். பின்னால் வந்த பெண்களும் அப்படித்தான். மண் கால்களோடு, புதிதாகத் துடைத்த டைல்ஸ் மேல்.

முக்கோணம் தனியாக நின்று சமைக்கும் ஒருவருக்கானது என்பதை அந்த யூடியூப்காரர் அழுத்திச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் விருந்தென்றால் ஒருவர் சமைப்பதில்லை, ஒரு தெருவே சமைக்கும். ராஹிலா ராத்தா தேங்காய் துருவும் துருவலையைப் போட்டு முக்கோணத்தின் நட்டநடுவில் குந்திவிட்டார். பிரிட்ஜ் கதவைத் திறந்தால் அவர் முதுகில் இடித்தது. வெங்காயம் உரிக்கிறவர் தண்ணீர்த்தொட்டிக்கு முன்னால், இறைச்சி கழுவுகிறவர் அவருக்கு மேலால். நெய்ச்சோற்றுக்கான பெரிய கிடாரத்தை அடுப்பில் ஏற்றப் போனால் ஜன்னலோரம் நான் மாட்டிய மேலலுமாரி தடுத்தது. கிடாரத்தை வெளியே கொண்டுபோய் முற்றத்தில் கல் வைத்து ஏற்றினார்கள். உள்ளே பருப்பும் பொரியலும் வட்டிலப்பமும் நடந்தன. நான் இடையிடையே எட்டிப் பார்த்து, “எப்படி, கால் வலிக்குதா?” என்று கேட்டேன். நின்றால்தானே கால் வலிக்கும். நிற்க இடமிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஹாஜியாரின் வேன், சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றது.

வந்த பெண்களைப் பர்ஹானா அறைக்குள்ளே, சிபானா இருந்த இடத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஆண்கள் ஹோலுக்குள் வந்தார்கள். குசினியில் இருந்தவர்களோ சட்டைக்கையைச் சுருட்டி, முந்தானையை இடுப்பில் செருகி, தலையில் துணி நழுவி வேலை செய்துகொண்டிருந்த நேரம் அது. எங்கள் வீட்டுப் பெண்கள் அந்நிய ஆண்களுக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார்கள். முன்பென்றால் நடுவில் சுவர் இருந்தது. போவதற்குப் பின்வாசல் இருந்தது. இப்போது இரண்டும் இல்லை. குசினியை விட்டு வெளியேற ஒரே வழி ஹாஜியாரின் மூக்குக்கு முன்னால்தான்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்று அவர் வாசலில் சொன்னதும், அத்தனை பெண்களும் அப்படியே கீழே குந்திவிட்டார்கள்.

நான் திரும்பிப் பார்த்தபோது குசினியில் ஒரு சீவன் இல்லை. கிரனைட் மேசைக்கு அப்பால் அடுப்பு எரிகிறது, பருப்புச் சட்டி கொதிக்கிறது, ஆளைக் காணவில்லை.

ஹாஜியார் சோபாவில் அமர்ந்து நேரே குசினியைப் பார்த்தார். வேறு எங்கே பார்ப்பது? அதுதான் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிறதே.

“மாஷா அல்லாஹ். ஹோட்டல் மாதிரி இரிக்கி” என்றார்.

அது போதாதா எனக்கு! முக்கோணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். கையால் வரைந்து காட்டினேன். எழும்பி நின்று, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பி நடித்தும் காட்டினேன். மாமா மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். ஹாஜியார் தேங்காய் தட்டிப் பார்க்கிறவர் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“சரி மகன். சமைக்கிற ஆக்கள் எங்க?”

அந்த நேரம் மேசைக்கு அடியிலிருந்து ஒரு கை எழுந்தது. வளையல் போட்ட கை. ஒரு சர்பத் கிளாஸை மேசைமேல் வைத்தது. மறைந்தது. மறுபடி எழுந்தது, இன்னொரு கிளாஸ். ஹாஜியாரோடு வந்தவர்களில் ஒருவர் வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு ஓர் அகப்பை மட்டும் மேலே வந்து, பருப்புச் சட்டியைத் தேடித் துழாவி, கிண்டிவிட்டு இறங்கியது.

இதோடு முடிந்திருந்தாலும் மானம் தப்பியிருக்கும். பருப்புக்குத் தாளிக்க ராஹிலா ராத்தா எண்ணெயில் காய்ந்த மிளகாயைப் போட்ட கையோடுதான் சலாம் கேட்டுக் குந்தியிருக்கிறார். மாமாவின் சொந்தத் தோட்டத்து மிளகாய். காரத்துக்குப் பேர்போனது. எழும்பி நின்றால்தான் கேஸை மூடலாம், எழும்பினால் ஆண்கள் பார்ப்பார்கள். ஆகவே எல்லோரும் கீழேயே குந்தியிருந்து மிளகாய் கருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாகச் சோளகக் காற்று, வெள்ளைக்காரரைக் கடலுக்கு மேலே தூக்குகிற அதே காற்று, அந்தப் புகையை அள்ளிக்கொண்டு ஹோலுக்குள் வந்தது.

முதலில் ஒரு தும்மல். பிறகு எல்லோரும். ஹாஜியாரின் தொப்பி கழன்று சர்பத்துக்குள் விழுந்தது. கண்ணீர் வழிய அவர் எதையோ பிடிக்கப் போய் என் கையைப் பிடித்து நெரித்தார். மேசைக்கு அடியிலிருந்தும் இருமல் வெடித்தது. நான் குசினிப் பக்கம் ஓடினேன். உள்ளே கால் வைக்க இடமில்லை. தரை முழுக்கப் பெண்கள். மிதித்தால் யாருடைய கையோ, யாருடைய வட்டிலப்பமோ. அப்படியே மரம்போல நின்றேன்.

அப்போது மாமி எழும்பினார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டு, கேஸை மூடிவிட்டு, திரும்பினார்.

“நிண்டுக்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க? ஆக்கள வெளிய கூட்டிட்டுப் போங்களேன்!”

பழக்க தோஷத்தில் நான் பூனையைத் தேடினேன்.

“ஒங்களத்தான் மருமகன்!”

கல்யாணம் முடித்து வந்த பிறகு என்னிடம் அவர் நேரே சொன்ன முதல் வார்த்தை அது. அதிர்ச்சியில் இருமல்கூட நின்றுவிட்டது. எல்லோரையும் முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹாஜியார் யாரோடும் கதைக்காமல், துவாலையால் முகத்தை மூடிக்கொண்டு வேன் பக்கம் நடந்தார்.

அறை ஜன்னலருகே சிபானா நின்றாள். புதுச் சாரி, கண்ணில் மை. அழுதால் மை கரையும் என்று அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான், இந்தச் சம்பந்தமும் போச்சுண்டா நான் வேறெங்கயும் போகமாட்டன். ஒங்கட முக்கோணத்துக்குள்ளயே பாய் போட்டுப் படுத்துக் கெடப்பன். சொல்லிட்டன்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை என்னை மச்சான் மச்சான் என்று மதித்து ஒரு நாளும் எதிர்த்துப் பேசாதவள். அவளுடைய வாழ்க்கையில் நான் கிரனைட் போட்டுவிட்டேன். வேனை நோக்கி ஓடினேன். மாமா எனக்கு முன்பே அங்கே நின்றார்.

ஹாஜியார் துவாலையை எடுத்தார். கண் இரண்டும் மாமாவின் மிளகாய் நிறத்தில் இருந்தன.

“ஒரு விஷயம் கேக்கணும். இந்தக் குசினி யார்ட யோசன?”

நான் வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

“என்ட யோசனதான் ஹாஜியார். மருமகன் வேணாமுண்டுதான் சொன்னார். நான்தான் கேக்கல்ல.”

காலமெல்லாம் தோட்டத்தில் நின்ற மனிதர் அவர். முக்கோணம் என்ற சொல்லையே என் வாயால்தான் முதலில் கேட்டிருப்பார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அந்த மனிதரின் காலைப் பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

ஹாஜியார் மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சற்றுமுன் ஹோலில் நான் இடமும் வலமும் திரும்பி நடித்த அந்த நடிப்பை அவர் எப்படி மறப்பார்? அவருடைய தோள் குலுங்கத் தொடங்கியது. மறுபடியும் இருமல் என்று நினைத்துத் தண்ணீர் எடுக்க ஓடினேன். சிரிப்பு. வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“என்ட மகனும் நாளைக்கி இந்த வீட்டுக்குத்தானே மருமகனா வாறான்” என்றார். “அவனுக்குக் கணக்கத் தவிர ஒண்டும் தெரியாது. எந்த வீட்ல போய்ப் பேச்சு வாங்குவானோண்டு பயந்துக்கிட்டு இரிந்தன். இப்பிடி ஒரு மருமகனையே வெச்சுத் தாங்குறீங்க. இனி என்ட மகனுக்கு என்ன பயம்?”

(இதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள நான் எவ்வளவோ முயன்றேன். முடியவில்லை.)

நெய்ச்சோறு முற்றத்துக் கிடாரத்தில் ஒரு குறையுமில்லாமல் வெந்திருந்தது. முருங்கை மரத்தடியில் பாய் விரித்து, பலர் சேர்ந்து ஒன்றில் உண்ணும் சஹன் தட்டங்களைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். காற்று கொஞ்சம் மணலையும் தூவிக் கொடுத்தது. ஹாஜியார் என்னைத் தன் சஹனுக்கே கூப்பிட்டு, நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார். மறுபக்கம் இருந்து கனமூலைப் பெண்களின் சிரிப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. ராஹிலா ராத்தா நடந்ததையெல்லாம் அவர்களுக்குக் குந்தியிருந்து நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமையே பின்வாசல் மறுபடி உடைக்கப்பட்டது. அதே மேசன் பாஸ்தான். அவருக்கு அதிலும் ஒரு பிரச்சினையும் இருக்கவில்லை. சுவர் திரும்ப எழுந்தது. மேலலுமாரி ராஹிலா ராத்தா வீட்டில் கோழிக்கூடாகியது. சிபானாவின் நிக்காஹ் நல்லபடியாக முடிந்து, கணக்கு வாத்தியார் பெட்டியோடு வந்து சேர்ந்தார். ஃபேன் கதிரையில் இப்போது நாங்கள் முறை வைத்து உட்காருகிறோம்.

என் புகழ் கனமூலையோடு நிற்கவில்லை. மனைவியின் சொந்தத்தில் எந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசினாலும் என்னைக் கட்டாயம் கூப்பிடுகிறார்கள். புதுச் சாரம், இஸ்திரி போட்ட சேர்ட் கொடுத்து, மாப்பிள்ளையின் வாப்பாவுக்கு நேரே உட்கார வைக்கிறார்கள். தேநீர் வந்ததும் மாமா மெல்லச் சொல்வார், “மருமகன், அந்தக் குசினி விஷயத்தக் கொஞ்சம் சொல்லுங்களேன்.”

நானும் சொல்வேன். எழும்பி நின்று இடப்பக்கம் திரும்புவேன், வலப்பக்கம் திரும்புவேன். போன மாதம் பர்ஹானாவுடைய சாச்சியின் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பையனின் வாப்பா சந்தேகப் பேர்வழி. வந்ததிலிருந்து சிரிக்கவே இல்லை. நான் முக்கோணத்தை முழுதாக விளக்கி முடித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மாமாவை நெடுநேரம் பார்த்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

“சரி, நிக்காஹ் எப்ப வெப்பம்?” என்றார்.